கட்டளையிடுபவனின் கதை

அன்புள்ள ஐயாவுக்கு,

'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்: ரோடு டு ஹில் 30' என்னும் போர் வீடியோ கேம் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆடினேன். கதை நன்று. ஆனால் நடுநடுவே தோழர்களை அங்கே போ, இங்கே சுடு என்று ஏவிக்கொண்டிருப்பது கதையோட்டத்தை அறுக்கிறது. போதாக்குறைக்கு, சுடப்பட்டு விழுந்தவன் அடுத்த கட்டத்தில் எழுந்துவந்து பேசுகிறான். 'கால் ஆஃப் டியூட்டி'யில் தலைவன் பின்னால் போனால் கதை தானாக நடக்கிறது. போர்க்கதைக்கு இந்த ஏவல் வேலை தேவைதானா?

கு. ம., அருவங்காடு

அன்புள்ள கு. ம.,

தேவை என்றே நினைக்கிறேன். பின்தொடரும் ஆட்டத்துக்கும் அழகு உண்டு. 2007-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 4'-இல், செர்னோபில் அணு விபத்தால் ஆளற்றுப்போன பிரிப்யாத் நகரை நோக்கி, நம் தலைவன் மெக்மில்லன் படு என்றால் படுத்து, நகர் என்றால் நகரும் அந்தக் கட்டம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் அங்கே நாம் கீழ்ப்படிகிறோம். பழி நம்மைச் சேராது.

கியர்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கி 2005-இல் வெளிவந்த, நீங்கள் ஆடிய ஆட்டமோ, 1944 ஜூனில் நார்மண்டியில் பாராசூட்டில் இறங்கிய அமெரிக்க 101-ஆவது டிவிஷனைச் சேர்ந்த, தலைமைப் பொறுப்பைக் கேட்டு வாங்காத மேட் பேக்கர் என்னும் சார்ஜெண்டின் கதை. அவன் மனச்சுமையை வசனத்தில் எவ்வளவு சொன்னாலும் அது அவனுடையதாகவே இருக்கும். கட்டளைப் பொத்தானை நாம் அழுத்தும்போதுதான் அது நம்மேல் ஏறுகிறது. ஒரு குழு வேலியை நோக்கி இடைவிடாமல் சுட, எதிரிகளின் தலைக்கு மேலுள்ள சிவப்பு வட்டம் மெல்லச் சாம்பல் நிறமாகிறது; அவர்கள் தலைதூக்க முடியாமல் ஒடுங்கிவிட்டார்கள் என்று பொருள். மற்றொரு குழு ஓட வேண்டிய இடத்தைத் தரையில் வளையமாகக் குறித்து விரலை எடுக்கிறோம். அவர்கள் பாதி வயலைக் கடப்பதற்குள் வட்டம் மீண்டும் சிவக்கத் தொடங்குகிறது. நம் துப்பாக்கியோ, தனியாளாய் வென்றுவிடக் கூடாது என்றே குறி தள்ளாடும்படி அமைக்கப்பட்டது. வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி பெற்று, இப்போது கோத்தகிரியில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், கதைக்காட்சிகள் ஓடும்போதெல்லாம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், இந்த இடத்தில்தான் நிமிர்ந்து, "கவரிங் ஃபயர் நின்னுடுச்சு, இப்ப எதுக்கு சார் ஆளை ஓடவிடறீங்க?" என்று கோபித்துக்கொண்டார்.

விழுந்தவன் எழுந்துவருவதைப் பற்றிய உங்கள் குறை முற்றிலும் நியாயமானது. யார் எப்போது சாக வேண்டும் என்பதைக் கதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டதால், என் தவறால் விழுந்தவனை அது திருப்பி அழைத்துக்கொள்கிறது; அது எழுதிவைத்த சாவுகளிலோ நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. இது அணியை ஏவி ஆடும் ஆட்டம் மிகுந்துபோனதால் வந்த வினையாக எனக்குத் தோன்றவில்லை, அதைக் கதை கடைசிவரை நம்பவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோற்றால், போர் நியாயமானதல்ல, விளையாட்டாவது நியாயமாக இருக்கட்டும் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு தோன்றி, அணியைக் குணமாக்கித் தர முன்வரும். அடுத்த முறை அதை மறுத்துவிட்டு, மிஞ்சியவர்களை வைத்தே அந்தக் கட்டத்தை முடித்துப் பாருங்கள். அப்போதும் ஏவல் கதையை அறுப்பதாகத் தோன்றினால் எழுதுங்கள்.