இன்ஜினுக்குள் தங்கிவிடும் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பக்கம் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிரே கிடையாது. ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றினால் போதாதா?
- வாசகர், இராமநாதபுரம்

பதில்: உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. நாம் காசு கொடுப்பது மற்ற இரண்டுக்கு: சீக்கிரம் கொதிக்கக் கூடாது, உலோகம் அரிக்கக் கூடாது. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி பிடித்து வைக்கும் 1.1 பார் அழுத்தமும் சேர்ந்தால் 125 டிகிரியைத் தாண்டும். போர் தண்ணீரோ, கீசர் காயிலில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கை இன்ஜினுக்குள்ளும் படிய வைக்கும். பொருக்கு சூட்டைக் கடத்தாது. உப்பு அதிகமான தண்ணீர் அலுமினிய ரேடியேட்டரை ஊசிமுனை ஓட்டைகளாக அரித்துவிடும். வழியில் கூலன்ட் குறைந்துபோனால் ஒரு பாட்டில் குடிதண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம், தவறில்லை. அதோடு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நானே கூலன்ட் மாற்றப் பார்க்கிறேன். புத்தகத்தில் மொத்தம் 4.5 லிட்டர் என்று இருக்கிறது. வடித்தால் 2.7 லிட்டர்தான் வருகிறது. மீதி எங்கே? எவ்வளவு ஊற்ற வேண்டும்?
- வாசகர், கரூர்

பதில்: மீதி 1.8 லிட்டர் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் குழாய்களிலும் நிற்கிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பழைய கூலன்ட் நிறம் மாறாமல் தெளிவாக இருந்தால் ஃபிளஷ், அதாவது தண்ணீர் விட்டு உள்ளே அலசுவது, வேண்டாம். வடித்த அளவுக்கு, அதே வகையில் ரெடி மிக்ஸ் (தண்ணீர் சரிபாதி கலந்தே வருவது) ஊற்றினால் போதும். துருநிறமாகவோ கலங்கலாகவோ இருந்தால் மட்டும் ஃபிளஷ் செய்யுங்கள்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியில் கை வைக்கவும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள். ரேடியேட்டரின் கீழ் மூலையில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கையால் திருகித் திறக்கவும். அது பிளாஸ்டிக், பிளையர் போட்டால் காது உடைந்துவிடும். பிளக் இல்லாத வண்டி என்றால் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்ற வேண்டியதுதான். ரிசர்வாயர் டப்பாவையும் கழுவிவிடுங்கள். அடியில் சேறு இருக்கும்.

பிளக்கை மூடி டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி இன்ஜினை ஓட விடுங்கள். அது பேட்டரி கடையில் கிடைக்கும். ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள். பல கார்களில் சூட்டைப் பார்த்துத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்கே வராது. ஃபேன் ஒருமுறை ஓடி நின்றால் திறந்துவிட்டது என்று பொருள். நிறுத்தி, ஆற விட்டு, வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று முறை இப்படியே.

இப்போது கணக்கு. உள்ளே 1.8 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன்மேல் ரெடி மிக்ஸ் 2.7 லிட்டர் ஊற்றினால் அதில் கூலன்ட் 1.35 லிட்டர்தான். மொத்தத்தில் 30 சதவீதம், நீர்த்துப்போய்விட்டது. ஆகவே ஃபிளஷ் செய்த வண்டிக்கு கான்சென்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) வாங்குங்கள். 4.5 லிட்டரில் பாதி, அதாவது 2.25 லிட்டர் கான்சென்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மீதி 0.45 லிட்டரை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் சரிபாதி வந்துவிடும். ‘கூட ஊற்றினால் கூட நல்லது’ என்று நினைக்க வேண்டாம். கூலன்ட் கூடினால் சூட்டை வாங்கும் திறன் குறையும். தண்ணீர்தான் அதில் கெட்டிக்காரன்.

கேள்வி: கூலன்ட் மாற்றியதிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம். ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. சூடு முள்ளும் ஏறி இறங்குகிறது.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஏர் லாக். நிரப்பும்போது புகுந்த காற்று உயரமான இடத்தில் சிக்கியிருக்கிறது. சென்சார் காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் முள் பொய் சொல்லும், இன்ஜின் மட்டும் வேகும். எனவே வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். இன்ஜின் ஆறியதும், முன்பக்கம் ஏறிய சரிவில் நிறுத்தி மூடியைத் திறங்கள். காற்றை வெளியே விடும் பிளீடர் ஸ்க்ரூ இருந்தால் தளர்த்துங்கள். மேல் ஹோஸை மெல்ல அமுக்கி அமுக்கி விட்டால் குமிழ் வரும். வர வர கூலன்ட் ஊற்றுங்கள். பிறகு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, குமிழ் நின்றதும் மூடியைப் போடவும். மறுநாள் காலை ரிசர்வாயர் மட்டம் மின், மேக்ஸ் கோடுகளுக்கு இடையில் இருக்கிறதா என்று பார்க்கவும். இவ்வளவு செய்தும் தினமும் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் மேல் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகட்டை, சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பச்சையில் பிங்க் கலக்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். அது கம்பெனி போடும் சாயம், தரக் குறியீடு அல்ல. வண்டிப் புத்தகம் சொல்லும் வகையையே பாருங்கள். ஒத்துவராத இரண்டு கலந்தால் துருத்தடுப்பு மருந்து வீரியம் இழக்கும். சில சமயம் கூழாகி ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும்.

கேள்வி: வடித்த கூலன்ட்டைத் தென்னைக்கு ஊற்றலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கும். சிந்தியதன் மேல் மணல் போட்டு அள்ளுங்கள். கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு ஒப்படையுங்கள். அதுவரை கூலன்ட் வந்த கேனிலேயே ஊற்றி, பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். குளிர்பான பாட்டிலில் வேண்டவே வேண்டாம். பிங்க் கூலன்ட் குழந்தைகள் கண்ணுக்கு சர்பத் மாதிரியேதான் தெரியும்.