காலனி வீட்டில் யார் பாடுவது?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் இருக்கிறேன். துக்க வீடுகளுக்குப் போய்ச் செபமாலை சொல்லிப் பாடுவோம். என் மகளும் வருவாள். காலனியில் என்றால், பங்குத்தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரே பார்த்துக்கொள்வார். ஆண்டவர் தந்த இந்தக் குரலை இன்னும் நல்லபடியாகப் பயன்படுத்த மனநல ஆலோசனைப் பயிற்சி எடுக்கலாமா? மாமியாரோ, "எந்நேரமும் எழவு வீடா?" என்கிறார்.

பதில்: மாமியாரை விடுங்கள். உலையை வைத்துவிட்டுக் கிளம்பினால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும். பயிற்சியும் அப்புறம்.

காலனியில் ஏன் உபதேசியார் மட்டும்? தூரமா? இரண்டு தெரு தள்ளிப் பாடப் போகிறவர்களுக்கு அது தூரமே இல்லை. திருவிழா வரி வாங்கும்போது அவர்களும் பங்கு மக்கள்தானே? மற்ற வீடுகளில் ஆர்மோனியமும் ஆறேழு குரலும். அங்கே ஒரு வயசாளியின் வறண்ட தொண்டை. "ரொம்ப நாள் வழக்கம்" என்பீர்கள். இந்தப் பதிலை எத்தனையோ கடிதங்களில் படித்துச் சலித்துவிட்டேன். சாதி என்று எழுதக் கூச்சப்படுகிறவர்கள் எல்லாரும் வழக்கம் என்றுதான் எழுதுகிறார்கள்.

வருஷா வருஷம் ஓரியூருக்குப் போகிற பகுதி உங்களுடையது. 1693-ல் அங்கே தலை வெட்டப்பட்ட போர்த்துக்கீசியக் குரு அருளானந்தர், நம் ஊர்த் துறவியைப் போலப் பண்டார சாமியாக வாழ்ந்தவர். அந்தக் கோலத்தில் இருந்தால்தான் எல்லாச் சாதியாரிடமும் போய்வர முடியும் என்பதால். அவர் இரத்தம் சிந்திய மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வந்து, காலனி முனையில் திரும்பிவிடுவது என்ன பக்தி?

மகளையும் கூட்டிப் போகிறீர்கள் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. எந்த வீட்டு வாசலில் அம்மா செருப்பைக் கழற்றுகிறாள், எந்த வாசலைத் தாண்டிப் போகிறாள் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவள் பிள்ளைக்கும் அதுதான் போய்ச் சேரும். பெற்றவளாக முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்த சாவுச் செய்தி வந்ததும் உங்களுக்கும் சொல்லும்படி உபதேசியாரிடம் கேட்டு வையுங்கள். அடக்கத் திருப்பலிக்குக் கோவிலில் காத்திருக்காமல், உடல் வீட்டில் இருக்கும்போதே போங்கள். இறந்தவர் எந்தப் பாட்டை முணுமுணுப்பார் என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டு அதைப் பாடுங்கள், அவர்களும் சேர்ந்து பாடக்கூடிய சுருதியில். துக்க வீட்டில் அடுப்பு எரியாது; பக்கத்து வீட்டில் காபி போட்டுக் கொடுப்பார்கள். மறுக்காமல் குடியுங்கள். "ஆண்டவருக்குச் சித்தம்" என்கிற பேச்சு மட்டும் வேண்டாம். பைபிளில், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

முப்பதாம் நாள் திருப்பலிக்கும் போங்கள். பந்தல் பிரித்து, உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் வீடு வெறிச்சோடும். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று உங்கள் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியதும் அவர்கள் கல்லறைக்கும் நடந்து போய் ஒரு பாட்டுப் பாடுங்கள்.

குழுவில் மற்றவர்கள் வரவில்லையா? பங்குத்தந்தையிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, நீங்களும் மகளுமாகப் போங்கள். உபதேசியாரோடு மூன்று குரல் ஆச்சு. செபமாலைக்குப் போதும்.