பார்வையற்ற நண்பரோடு சேர்ந்து புகைப்படக் கலையை அனுபவிக்க வழி உண்டா?

“பயணங்களில் நாங்கள் படமெடுக்கும்போது பார்வையற்ற எங்கள் நண்பர் ஓரமாக நிற்கிறார். அவருக்காகக் கேமராவை எடுக்காமலே இருந்துவிடலாமா, அவரையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கேமராவை உள்ளே வைத்துவிடாதீர்கள். எடுத்த படத்தைப் பற்றி நீங்கள் வாய்திறந்து பேசாமல், திரையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவதால்தான் அவர் ஓரமாக நிற்க நேர்கிறது என்று நினைக்கிறேன். நான் பார்வையுள்ளவள்; பார்வையிழந்தவர் என் அண்ணன். அவர் சார்பில் நான் பேசுவது சரியா என்று சிலர் கேட்கக்கூடும் என்பதால், இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் இரண்டு இடங்களில் திருத்திய பிறகே இங்கே இடுகிறேன்.

அண்ணனுக்கு வந்தது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய். முதலில் இரவுப் பார்வை போயிற்று. பிறகு ஓரங்கள் சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும் எஞ்சியது. அவர் கேமராவைக் கையில் எடுத்ததே அந்தக் கட்டத்தில்தான். ஓர் அறைக்குள் நுழைந்தால் யார் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று அவரால் ஒரே பார்வையில் காண முடியாது. ஆனால் அந்த அறையைப் படமெடுத்து, சிறிய திரையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால், அறை முழுவதும் அந்தக் குறுகிய வட்டத்துக்குள் அடங்கிவிடும். எங்களுக்கு நினைவுக்காகச் சேர்த்து வைக்கும் பொருளாக இருந்த புகைப்படம் அவருக்குப் பார்வையாகவே இருந்தது. அவருடைய 31ஆம் வயதில் அந்த வட்டமும் மூடிக்கொண்டபோது, இனி அவர் படமெடுக்க மாட்டார் என்று வீட்டில் நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் படமெடுப்பதை நிறுத்தவில்லை.

உங்கள் கேள்வி என்னைத் தொட்டதற்குக் காரணம், நான் செய்த ஒரு தவறு. அண்ணனோடு சென்ற ஒரு பயணத்தில் அவர் தம் கைபேசியில் 140 படங்களுக்கு மேல் எடுத்திருந்தார். கைபேசியில் இடம் போதவில்லை என்று அவர் சொன்னதும், “நான் சரிசெய்து தருகிறேன்” என்று வாங்கி, சாய்ந்தவை, தலை வெட்டுண்டவை, வெறும் தரையும் சுவரும் விழுந்தவை என நான் கருதிய எல்லாவற்றையும் நிரந்தரமாகவே அழித்துவிட்டேன். எஞ்சியவை 23. அவருக்கு உதவி செய்ததாகவே நினைத்தேன். சில வாரங்கள் கழித்து, “ஒரு சின்னப் பெண் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினாளே, அந்தப் படத்தை எடு, அதில் என்ன விழுந்திருக்கிறது என்று சொல்” என்றார். எனக்கு அந்தப் படம் நினைவிருந்தது: ஒரு கைப்பிடிக் கம்பி, அதன் ஓரத்தில் ஒரு சிறிய காலணி, அவ்வளவுதான். அழித்துவிட்டேன் என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கலாமே, அழிப்பதற்கு முன் ஏன் கேட்கவில்லை?” என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. படம் எடுப்பதற்கு முன் அவர் சில நொடிகள் ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் உடையவர் என்பதும், ஒவ்வொரு ஒலிக்கும் உரிய படத்தை அவர் மனத்தில் வரிசையாக வைத்திருந்தார் என்பதும் எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். எதைப் படமெடுப்பது என்பதை அவரே முடிவு செய்வார். குரல் வரும் திசையில் முகத்தைத் திருப்பி, கைபேசியை மார்போடு ஒட்டி நிமிர்த்திப் பிடிப்பார். அப்படிப் பிடித்தால் படம் அவ்வளவாகச் சாய்வதில்லை. எதிரில் இருப்பவரின் தோளைக் கைநீட்டித் தொட்டுவிட்டு இரண்டு அடி பின்வாங்கித் தூரத்தை அளந்துகொள்வார். வெயில் எந்தக் கன்னத்தில் சுடுகிறது என்பதைக் கொண்டு ஒளியின் திசையை என்னைவிட விரைவாகச் சொல்வார். ஐபோனில் 2009 முதல் இருக்கும் வாய்ஸ்ஓவர் என்ற, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் இப்போது சட்டகத்துக்குள் எத்தனை முகங்கள் இருக்கின்றன என்று அறிவிக்கிறது. 2022இல் கூகுள் தன் பிக்சல் கைபேசியில் சேர்த்த வசதி, முகம் நடுவில் வரும்வரை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று குரலாலும் அதிர்வாலும் வழிகாட்டுகிறது. இவை பயனுள்ளவை. எனினும் நடுவில் முகம் வேண்டுமா, கைப்பிடிக் கம்பி வேண்டுமா என்பது எடுப்பவர் விருப்பம்.

அன்று மாலையே நாங்கள் இருவரும் அமர்ந்து படங்களைப் பேசுவோம். முதலில் ஒரே வாக்கியத்தில் படம் எதைப் பற்றியது என்று சொல்வேன். பிறகு இடம், வலம், அருகில், தொலைவில் என்ற வரிசை. அதன் பிறகு ஒளி. எனக்குப் பிடித்ததா இல்லையா என்பதைக் கடைசியில், என் கருத்து என்று சொல்லித்தான் சொல்வேன். அவருடைய கேள்விகளே இதில் முக்கியமானவை. ஆறு பேர் நிற்கும் ஒரு படத்தை “எல்லோரும் சிரிக்கிறார்கள்” என்று முடித்தபோது, “யாருடைய கை யாருடைய தோளில் இருக்கிறது?” என்று கேட்டார். நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை. விரல்களைப் பின்தொடர்ந்து, சட்டையின் கையைப் பார்த்து, அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடிக்க எனக்குச் சில நிமிடங்கள் ஆயின. அவருக்காகச் செய்கிறேன் என்று தொடங்கிய வேலையில் நான்தான் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

“பார்க்க முடியாதவர் எடுக்கும் படத்தில் கலை எங்கே இருக்கிறது” என்று பின்னூட்டத்தில் எழுத நினைப்பவர்கள், 1946இல் சுலோவேனியாவில் பிறந்து, சிறுவயதிலேயே இரு விபத்துகளில் பார்வையை இழந்த எவ்கன் பாவ்சாரின் படங்களைத் தேடிப் பாருங்கள். இருளில் நிறுத்திய பொருள்களின் மீது கையில் பிடித்த விளக்கை ஓட்டி, தாம் விரும்பிய இடத்தில் மட்டும் ஒளி விழச் செய்து படமெடுப்பவர் அவர். 2009இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் உள்ள புகைப்பட அருங்காட்சியகம் பார்வையற்ற கலைஞர்களின் படங்களை மட்டுமே கொண்டு ஒரு கண்காட்சி நடத்தியது. எல்லாப் பார்வையற்றவர்களுக்கும் புகைப்படத்தில் ஆர்வம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பார்வையுள்ளவர்களிலும் எல்லோருக்கும் இருப்பதில்லை. உங்கள் நண்பரிடம் கேளுங்கள். அவர் பிறவியிலேயே பார்வையற்றவர் என்றால், தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பதையும், முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைப்பார் என்பதையும்கூடப் பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கலாம்.

தொட்டு உணரும் படங்களையும் முயன்றோம். கரி கலந்த மையால் அச்சிட்டுச் சூடாக்கினால், கருமையான இடம் வெப்பத்தை உறிஞ்சி உப்பி எழும் தாள் ஒன்று உண்டு. ஒரு புகைப்படத்தை அப்படியே அதில் அச்சிட்டபோது நிழல்கள் எல்லாம் மேடாக எழுந்து, விரலுக்கு ஒன்றுமே புரியாத கட்டியாகிவிட்டது. அதே படத்தின் முக்கியமான கோடுகளை மட்டும் வரைந்து அச்சிட்டு, நான் பேசப் பேச அவர் தடவிப் பார்த்தபோதுதான் பொருள் விளங்கியது. 2015இல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் சில ஓவியங்களைப் புடைப்புப் பிரதிகளாக்கித் தொட்டுப் பார்க்க வைத்ததுபோல் எல்லா இடங்களிலும் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கணினியே படத்தை விவரித்துவிடுகிறதே என்பவர்களுக்கும் ஒரு சொல். 2016இல் ஃபேஸ்புக் தானியங்கி விவரிப்பைத் தொடங்கியபோது அண்ணனுக்குக் கிடைத்ததெல்லாம் “இரண்டு பேர், புன்னகை, வெளிப்புறம்” என்ற வகைச் சொற்கள்தாம். இப்போது பத்தி பத்தியாகவே விவரிக்கின்றன. அவற்றை அவர் விரும்பிப் பயன்படுத்துகிறார், நானும் குறைசொல்ல மாட்டேன். எனினும் அந்தப் படிக்கட்டில் அவரோடு நின்றிருந்தவள் நான். இதோடு சேர்த்து ஓர் ஆதங்கத்தையும் சொல்லியாக வேண்டும்: அழைப்பிதழ், இரங்கல் செய்தி, கூட்ட அறிவிப்பு என எல்லாவற்றையும் வெறும் படமாக அனுப்பிவிட்டு, “குழுவில் போட்டோமே, பார்க்கவில்லையா?” என்று அவரிடமே கேட்கும் உறவினர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கொதிக்கிறது. படத்தின் கீழே இரண்டு வரி தட்டச்சு செய்ய எவ்வளவு நேரமாகிவிடும்?

அழித்த படம் திரும்பக் கிடைக்கவில்லை. அதன் ஒலிப்பதிவு மட்டும் அவரிடம் இருந்தது. கம்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, ஒளி எங்கே விழுந்திருந்தது, காலணி எவ்வளவு தெரிந்தது என்று நினைவில் இருந்த மட்டும் எழுதி, அந்த ஒலியோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். காலணி இடது காலுடையது என்று எழுதியிருந்தேன். ஒலியை மறுபடி ஓடவிட்டுக் கேட்ட அண்ணன், அந்தப் பெண் ஒவ்வொரு படியிலும் ஒரு காலை அழுத்தி ஊன்றி, மற்றதை இழுத்துச் சேர்த்துத்தான் இறங்கினாள், கம்பியை இடது கையால் பிடித்திருந்தால் முன்னே வந்தது வலது காலாகத்தான் இருக்கும் என்றார். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. வலது கால் என்றே மாற்றி எழுதி வைத்திருக்கிறோம்.