பைபாஸ் ரோட்டில் பெரிய கடை: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

பைபாஸ் ரோட்டில் பழைய ரைஸ் மில் இருந்த இடத்தில் நாற்பதாயிரம் சதுர அடியில் சூப்பர் மார்க்கெட் வருவது உறுதியானதிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. வணிகர் சங்கம் கடையடைப்பு என்கிறது. வீடுகளில் "எப்போது திறப்பார்களாம்?" என்று கேட்கிறார்கள். நான் முதலில் ஒரு சோப்புக் கம்பெனியின் ஏஜென்சியிலும், பிறகு பல கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கொள்முதல் பிரிவிலும் வேலை பார்த்தவன். இரண்டு பக்கத்துக் கணக்கும் தெரியும் என்பதால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கேட்டதையெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எம்.ஆர்.பி.யை விட அவ்வளவு குறைத்து எப்படிக் கொடுக்கிறார்கள் அண்ணா? அப்படியென்றால் நம்ம தெருக் கடைக்காரர் இத்தனை நாளும் கொள்ளை லாபம் வைத்தாரா? (குடும்பத் தலைவி, மேலத்தெரு)

இல்லைம்மா. 100 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட சோப்பு அவர் கடைக்கு வந்து இறங்கும்போதே 90 ரூபாயை ஒட்டி இருக்கும். மிச்சம் பத்து ரூபாயில்தான் வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம், எலி கடித்தது, தேதி முடிந்தது எல்லாம். அவருக்கு முன்னால் ஏஜென்சிக்காரர் ஒரு நாலைந்து ரூபாய் எடுத்திருப்பார். பெரிய கடை ஏஜென்சியிடம் போகாது. கம்பெனியிடமே லாரி லோடாக வாங்கும். அந்த நாலைந்து ரூபாயும் அதற்கே. பணத்தைச் சீக்கிரம் கொடுத்தால் கம்பெனி இன்னும் கொஞ்சம் கழிக்கும். மும்பையில் 2002-இல் முதல் கடை திறந்த டிமார்ட் சூப்பர் மார்க்கெட் வளர்ந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான்: கட்டடத்தை வாடகைக்கு எடுக்காமல் முடிந்தவரை சொந்தமாக வாங்குவது, சரக்குக் கொடுத்தவருக்குச் சட்டென்று பணம் கொடுப்பது, கடைக்குள் அலங்காரச் செலவு வைக்காதது.

ஏஜென்சி சேல்ஸ்மேனுக்குக் கூட முழுதாகத் தெரியாத வருமானம் ஒன்றும் உண்டு. கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் பிஸ்கட்டை அடுக்க, பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்லேட் ஸ்டாண்ட் வைக்க, கம்பெனிகள் கடைக்குத் தனியாகப் பணம் தருகின்றன. குழந்தை கை நீட்டும் உயரத்தில் எந்த பிராண்ட் இருக்கிறது என்று அடுத்த முறை பாருங்கள். அது தற்செயலாக அங்கே வந்திருக்காது.

எல்லாவற்றிலும் குறைப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். சீனி, துவரம்பருப்பு, எண்ணெய், பால் பவுடர் மாதிரி நமக்கு விலை மனப்பாடமாகத் தெரிந்த சாமான்களில்தான் கத்தரிப்பார்கள். அதை வாங்கப் போனவர் பிளாஸ்டிக் டப்பா, மிதியடி, பனியன், நைட்டி என்று வண்டியை நிரப்புவார். லாபம் அங்கே.

தம்பி, வால்மார்ட் மாதிரி வெளிநாட்டுக் கம்பெனியா இது? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

இல்லை ஐயா. பல பிராண்ட் சரக்கு விற்கும் சில்லறைக் கடையில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீடு வரலாம் என்று மத்திய அரசு 2012 செப்டம்பரில் அனுமதித்தது. ஆனால் மாநிலம் சம்மதித்தால்தான். அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதா எதிர்த்தார். வால்மார்ட் இந்தியாவில் கடைக்காரர்களுக்கு மொத்த விற்பனை மட்டும் செய்து வந்தது. 2018-இல் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டில் 77 சதவீதம் வாங்கியது. அதனால் வெளிநாட்டுக்காரன் நம் வீட்டுக்கு வருவது செல்போன் வழியாக. பைபாஸ் ரோட்டில் வருவது நம் நாட்டு முதலாளி. நம் மளிகைக் கடைக்கு இதனால் எந்த ஆறுதலும் இல்லை, அது வேறு விஷயம்.

கடையடைப்பு, மறியல் என்று இறங்கினால் நிறுத்திவிட முடியுமா? (ஜவுளிக் கடை உரிமையாளர்)

2007-இல் ராஞ்சியில் ரிலையன்ஸ் ஃபிரெஷ் கடைகளை வியாபாரிகள் உடைத்தார்கள். அதே வருடம் உத்தரப் பிரதேச அரசு அங்கிருந்த கடைகளை மூடச் சொன்னது. இன்று அந்த ஊர்களில் சூப்பர் மார்க்கெட் இல்லையா என்ன? 'எங்கள் வியாபாரம் கெடும்' என்பது சட்டப்படி ஒரு காரணமே ஆகாது. தொழில் செய்யும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

ஆனால் எப்படி வர வேண்டும் என்று கேட்க நமக்கு நிறைய இடம் இருக்கிறது. அதை யாருமே பேசவில்லை என்பதுதான் என் வருத்தம். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் வேண்டும். வாகனம் நிறுத்த எவ்வளவு இடம் விட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் இருக்கிறது. பைபாஸில் வாசல் திறக்க நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி தனி. அந்த இடத்துக்கு இருநூறு மீட்டரில் பள்ளிக்கூட வளைவு. சாயங்காலம் நாலரைக்கு அங்கே நின்று பாருங்கள்: ஒரு பக்கம் சைக்கிள் பிள்ளைகள், ஒரு பக்கம் கரும்பு டிராக்டர், நடுவில் டவுன் பஸ். இதில் கார்கள் வலது பக்கம் திரும்பி உள்ளே போனால் என்ன ஆகும்? சர்வீஸ் ரோடு, லோடு லாரிக்கு இரவு நேரம் மட்டும், மழைநீர் பழைய வாய்க்காலுக்குப் போக வழி, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இடம் ஊராட்சி எல்லைக்குள் வருவதால் கிராம சபையிலும் தீர்மானம் வைக்கலாம். ஒரு நாள் கடையடைத்தால் அன்றைய வியாபாரம்தான் போகும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்தால் நாளைக்கு உதவும்.

நானும் பையனும் மட்டும் பார்க்கும் கடை. இனி என்ன செய்வது அண்ணே? (மளிகைக் கடைக்காரர், கடைத்தெரு)

உங்கள் கேள்விக்குத்தான் நிறையப் பேச வேண்டும்.

முதலில், பயத்துக்கு ஓர் அளவு வைக்கலாம். மத்திய அரசு கேட்டு இக்ரியர் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெரிய கடைக்கு அருகில் இருந்த சிறு கடைகளுக்கு விற்பனையும் லாபமும் முதலில் விழுந்தன. போகப் போக அந்த அடி குறைந்தது. ஆண்டுக்கு 4.2 சதவீதக் கடைகள் மூடின. அதில் பெரிய கடைப் போட்டியால் மூடியவை 1.7 சதவீதம். ஆனால் அது பெருநகரங்களில் எடுத்த கணக்கு. அங்கே தெருவுக்குத் தெரு ஆள் நெருக்கம். நம் ஊரில் ஒரு பெரிய கடை வந்தால் தாலுகா முழுக்க வண்டி எடுத்துக்கொண்டு வரும். அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

சோப்பு, ஷாம்பு, பிஸ்கட்டில் விலைப் போட்டிக்குப் போகாதீர்கள். அவர்கள் விற்கும் விலைக்கு உங்களுக்குச் சரக்கே வராது. 2022 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தில் ஏஜென்சிக்காரர்களே 'எங்களுக்கு ஒரு விலை, ஆன்லைன் மொத்த வியாபாரிக்கு ஒரு விலையா' என்று சில பெரிய கம்பெனிச் சரக்கை எடுக்காமல் நின்றார்கள். பாக்கெட் சாமானில் அசையாத சரக்கைக் குறையுங்கள், வேகமாகப் போவதை மட்டும் வையுங்கள். பணம் முடங்காது.

உங்கள் பலம் உதிரிச் சாமான். கால் கிலோ உளுந்து, பத்து ரூபாய்க்குச் சீரகம், ஐம்பது மில்லி விளக்கெண்ணெய் எல்லாம் அங்கே கேட்ட அளவில் கிடைப்பது கஷ்டம். உளுந்து எந்த மில், புதுசா பழசா, மாவு எவ்வளவு காணும் என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. காலையில் ஆறிலிருந்து ஒன்பது மணி வரை அவர்கள் ஷட்டர் மூடியிருக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் பால், இட்லி மாவு, கறிவேப்பிலை, வாழை இலை, பள்ளிப் பிள்ளைக்குப் பேனா. வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்கி மதியத்துக்குள் வீட்டில் இறக்குங்கள், முக்கியமாக வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில். இன்னொன்று, கோபிக்க வேண்டாம்: தராசை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வையுங்கள், எல்லாவற்றிலும் விலை ஒட்டுங்கள். 'கேட்டால் தப்பாக நினைப்பாரோ' என்ற கூச்சத்திலேயே பல பேர் பெரிய கடைக்குப் போய்விடுகிறார்கள்.

கடைத்தெருவில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து பருப்பும் எண்ணெயும் ஒரே லோடாக இறக்கினால் விலை நிச்சயம் இறங்கும். நம் ஊரில் இதை இரண்டு தடவை பேசி, யார் கொட்டகையில் இறக்குவது என்ற இடத்தில் நின்றுவிட்டது. அதை முதலில் முடியுங்கள்.

எங்களுக்குச் சனிக்கிழமைதான் கூலி. நோட்டில் எழுதித்தான் சாமான். அந்தக் கடையில் தருவார்களா? (கட்டடத் தொழிலாளி)

தர மாட்டார்கள். கிரெடிட் கார்டு இருப்பவருக்குத்தான் அங்கே கடன். உங்கள் கடைக்காரர் நோட்டில் எழுதும்போது வட்டி போடுவதில்லை. விலையில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் கூட இருக்கலாம், அது அந்தக் கடனுக்கான விலை. ஒன்று சொன்னால் மனம் கோணக் கூடாது: கையில் காசு இருக்கும் வாரம் பெரிய கடை, காசு இல்லாத வாரம் நோட்டு என்று எல்லோரும் போனால் நோட்டு மூடிவிடும். ரொக்கம் கொடுப்பவர்கள் இருந்தால்தான் அவரால் கடன் கொடுக்க முடியும்.

நூறு பேருக்கு வேலை என்கிறார்களே? என் மகள் பி.காம். முடித்திருக்கிறாள். (தாய், அக்ரகாரத் தெரு)

வேலை இருக்கும். ஆனால் பெரும்பாலும் பில் போடுவது, தட்டு அடுக்குவது. பலரை ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக எடுப்பார்கள். சேரும்போது வேலை உத்தரவு கையில் வாங்குங்கள், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, யார் பெயரில் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். நாள் முழுக்க நிற்க வைத்தால், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். அக்கவுண்ட்ஸ் பக்கம் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்பது நல்லது. பில் போடும் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் உள்ளே போவது கஷ்டம்.

எங்கள் கத்தரிக்காயை நேராக எடுப்பார்களா? (விவசாயி)

எடுத்தாலும் ஒரே அளவு, ஒரே நிறம், காம்பு பச்சையாக இருப்பதை மட்டும். பத்துக் கூடை கொண்டு போனால் ஆறு எடுத்து நாலைத் திருப்புவார்கள். அந்த நாலோடு மண்டிக்குப் போனால் கமிஷன்காரர் முகம் சுளிப்பார். முழுதாக அவர்களை நம்பாமல், 1999-இலிருந்து நடக்கும் உழவர் சந்தையில் உங்கள் அட்டையை விட்டுவிடாமல் வைத்திருங்கள்.

கொஞ்ச வருடம் நடத்திவிட்டு அவர்களே மூடிப் போனால்? (மருந்துக் கடைக்காரர்)

நல்ல கேள்வி, சங்கக் கூட்டத்தில் இதை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ஓரியண்டல் என்று ஆயிரம் பேர் கூட இல்லாத ஊர். 2014-இல் வால்மார்ட் அங்கே ஒரு சின்னக் கடை திறந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் நடந்த உள்ளூர் மளிகைக் கடை 2015 அக்டோபரில் மூடியது. மூன்று மாதம்தான், 2016 ஜனவரியில் உலகம் முழுக்க 269 கடைகளை மூடுவதாக வால்மார்ட் அறிவித்தது, பட்டியலில் ஓரியண்டலும் இருந்தது. ஊரில் மளிகைக் கடையே இல்லாமல் போனது. நம் ஊர் அவ்வளவு சின்னது அல்ல. பஸ் ஏறினால் அடுத்த ஊரில் கடை உண்டு. இருந்தாலும் கடைத்தெருவில் நாலு நல்ல கடை உயிரோடு இருப்பது வாங்குகிற நமக்கும் காப்புதான்.

ஜி.எஸ்.டி.யில் அவர்களுக்குச் சலுகையாமே? (பாத்திரக் கடை)

இல்லை. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்குள் விற்பனை உள்ளவர் அந்த விற்பனையில் 1 சதவீதம் வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டம் (காம்போசிஷன்) சிறு வியாபாரிக்குத்தான். ஆனால் அதில் இருந்தால் வாங்கிய சரக்கின் வரியைக் கழிக்க முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

போய் வாங்கும்போது எதில் ஏமாறக் கூடாது? (பலர்)

பாக்கெட் அளவில். ஒரு கிலோ மாதிரி தெரிவது 900 கிராமாக இருக்கும், ஒரு லிட்டர் எண்ணெய் 850 மில்லியாக இருக்கும். கிராமுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி எடுத்துப் போங்கள். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் தேதியைப் பாருங்கள். தட்டில் ஒட்டிய விலையும் பில்லில் வந்த விலையும் ஒன்றுதானா என்று வெளியே வருவதற்குள் சரிபாருங்கள். ஆஃபர் முடிந்தும் சீட்டை எடுக்காமல் விட்டிருப்பார்கள். பைக்குப் பணம் கேட்டால், முன்கூட்டியே சொல்லாமல் பில் போடும் இடத்தில் வசூலிப்பது தவறு என்று 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறது. துணிப்பை கொண்டு போனால் அந்த வாதமும் வேண்டாம்.