இரவுக்கு மாற்றியும் மின்பில் ஏறியது ஏன்?

சர்வர் வேலைகளைத் திரும்பப் பகலுக்குக் கொண்டுவர வேண்டாம். எல்லாவற்றையும் சரியாக இரவு 11 மணிக்கு ஒரே அடியாகக் கிளப்புவதை நிறுத்துங்கள், போதும்.

சிங்கப்பூர் தை செங்கில் உள்ள உங்கள் சர்வர் அறையின் கணக்கீடுகளை ஆஃப்-பீக் நேரத்துக்கு, அதாவது இரவு 11 முதல் காலை 7 வரை, தள்ளியும் பில் கூடியது என்கிறீர்கள். யூனிட் ஏறவில்லை என்றால் என் சந்தேகம் உச்சத் தேவை மேல்தான், அதாவது ஒரே நேரத்தில் நீங்கள் இழுக்கும் அதிகபட்ச மின்சாரம். சிங்கப்பூரில் உயர் அழுத்த இணைப்புக்கு எத்தனை கிலோவாட் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் உண்டு. அதைத் தாண்டினால் 'அன்கான்ட்ராக்டட் கெப்பாசிட்டி' என்று தனி வரி வரும், கூடுதல் விலையில். ஓர் அரை மணி நேரம் தாண்டினாலே போதும், அந்த மாதத்துக்கு மாட்டிக்கொள்வீர்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் பேக்கப் வேலைகள் இப்படித்தான் மாட்டிவிட்டன.

1. பில்லில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள்.
2. அரை மணி நேர மீட்டர் தரவை எடுத்து, 11 முதல் 12 வரை மேடு தெரிகிறதா பாருங்கள். சர்வர் சூடேறிய பிறகுதான் அறையைக் குளிர்விக்கும் சில்லர் முழுமூச்சாக ஓடும், அதனால் மேடு கொஞ்சம் தள்ளியும் வரலாம்.
3. இருந்தால், தொடக்க நேரங்களை 20, 30 நிமிட இடைவெளியில் பிரித்துவிடுங்கள்.

தாழ் அழுத்த இணைப்பு என்றால் இந்தக் கட்டணமே கிடையாது. அப்போது காரணம் வேறு. அப்புறம், நாள் முழுக்க ஒரே விலை என்ற திட்டத்தில் இருந்தால் நேரத்தை மாற்றி மின்விலையில் லாபம் பார்க்க முடியாது. இரவு மின்சாரம் பசுமையானது என்றும் நினைக்காதீர்கள். இங்கே சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுதான், சூரிய மின்சாரம் கிடைப்பது பகலில்.