நால்வரில் ஒருவர் போன பிறகு

கேள்வி: நான்கு பேர் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் ஒருவர் காலமாகிவிட்டால் புதியவரைச் சேர்த்துத் தொடர்வதா, கலைத்துவிடுவதா? நெடுங்காலம் நீடித்த குழுக்கள் என்ன செய்தன?

இதை யாரும் பொழுதுபோக்குக்குக் கேட்கமாட்டார்கள். உங்கள் குழுவிலும் ஒரு கதிரை வெறுமையாகிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள்.

லண்டனின் அமடேயஸ் குவார்டெட் கலைத்துவிட்டது. 40 வருடங்கள் அதே நாலு பேர்தான். வயலின் நார்பர்ட் பிரைனின், சீக்மண்ட் நிஸல். வயலினை விடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வியோலா பீட்டர் ஷிட்லோஃப். செல்லோ மார்ட்டின் லவெட். முதல் மூவரும் 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததால் வியன்னாவை விட்டு வந்த யூத இளைஞர்கள். அடைக்கலம் கொடுத்த பிரிட்டனே 1940-ல் அவர்களை 'எதிரி நாட்டவர்' என்று முகாம்களில் அடைத்தது. பிரைனினும் ஷிட்லோஃபும் சிநேகிதரானது ஒரு முகாமில். நிஸலை ஷிட்லோஃப் கண்டது மான் தீவு (Isle of Man) முகாமில். வெளியே வந்ததும் மாக்ஸ் ராஸ்டல் என்ற ஆசிரியர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். லண்டன்காரரான லவெட் பிறகு சேர்ந்தார். 1948 ஜனவரி 10 அன்று லண்டனின் விக்மோர் ஹால் இசையரங்கில் அரங்கேறினார்கள். நால்வர் வாசிக்கும் இசைப் படைப்புக்கும் குவார்டெட் என்றே பெயர். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தன் மூன்றாவது குவார்டெட்டை இவர்களுக்காக எழுதினார். 1976 டிசம்பரில் அதை முதன்முதலாக மேடையில் வாசித்தபோது அவர் இறந்து இரண்டு கிழமை.

1987 ஆகஸ்டில் ஷிட்லோஃப் காலமானார். மற்ற மூவரும் வேறு வியோலாக்காரரைத் தேடவில்லை. அன்றோடு அமடேயஸ் முடிந்தது.

மாஸ்கோவின் போரோதின் குவார்டெட் இதற்கு நேர் எதிர். 1945-ல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. செல்லோவில் முதலில் உட்கார்ந்தவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ரொஸ்த்ரோபோவிச். சில கிழமைகளிலேயே அவர் விலக, வந்த வாலன்டின் பெர்லின்ஸ்கி 2007 வரை அந்தக் கதிரையை விடவில்லை. அவரைச் சுற்றி மற்ற எல்லாரும் மாறினார்கள். 1996-ல் முதல் வயலினும் வியோலாவும் ஒரே வருடத்தில் மாறின. இப்போது தொடக்ககால ஆள் ஒருவரும் இல்லை, பெயர் நிற்கிறது. அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சுக்கு எதிரில் வாசித்துப் பழகிய முறையை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே வருவது பெரிய காரியம். அது அவர்களுடைய தொழிலும்கூட. சோறு போடும் தொழிலை நிறுத்து என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் என் மனம் அமடேயஸ் பக்கம்தான். காரணம் இருக்கிறது.

1999-ல் வடமேற்கு லண்டனில் நாங்கள் நாலு பேர் வியாழக்கிழமை இரவுகளில் வாசிக்கத் தொடங்கினோம். ஒருவரும் தொழில்முறைக் கலைஞர் இல்லை. நான் இரண்டாவது வயலின். வியோலாக்காரர் எங்கள் எல்லாரையும் விட மூத்தவர், தபால் வேலையில் ஓய்வு பெற்ற வேல்ஸ் நாட்டவர். அமடேயஸை நேரில் நாலைந்து முறை கேட்டவர். ஷிட்லோஃப் தொடங்கியது வயலினில்தான், குழுவுக்காக வியோலா எடுத்தார் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். "ஒருத்தன் இறங்கி வந்ததால்தான் அந்தக் குழுவே உருவானது" என்பார்.

அந்த முகாம் கதையை அவர் சொன்ன அன்று நான் என் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். 1987-ல் ஹாரிச் துறைமுகத்தில் ஒரு கப்பலில் தமிழ் அகதிகளைத் தடுத்து வைத்திருந்தார்களே, சித்தப்பாவும் அதில் இருந்தவர். அங்கே பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரோடு கடைசிவரை பிரியவே இல்லை. கதைத்தால் சண்டை, கதைக்காவிட்டால் சாப்பாடு இறங்காது. கேட்டுவிட்டு வியோலாக்காரர், "அப்படியென்றால் உனக்கு குவார்டெட் என்றால் என்ன என்று முன்னமே தெரியும்" என்றார்.

2014-ல் ஒரு சனிக்கிழமை காலை அவர் போய்விட்டார். மாரடைப்பு. மூன்று கிழமையில் ஒரு தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு நிகழ்ச்சி இருந்தது. டிக்கெட் விற்றாகிவிட்டது. நான்தான் தொலைபேசி எடுத்து வேறொருவரைப் பிடித்தேன். அடக்கம் முடிந்து நாலாவது நாள். எங்கள் வீட்டில் செத்தவீடு என்றால் முப்பத்தொன்று முடியும்வரை ஒரு நல்ல காரியத்துக்கும் வாய் திறக்கமாட்டோம். அதே நான்தான் அவசரப்பட்டேன். 'அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்' என்று எல்லாருக்கும் சொன்னேன். அவரிடம் கேட்டவள்போல.

வாசித்தது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் ஓபஸ் (படைப்பு எண்) 76, மூன்றாவது குவார்டெட். 1797-ல் எழுதியது. அதன் இரண்டாவது பகுதியில் மெட்டு மாறாது, ஆள்தான் மாறும். மெட்டு திரும்பி வரும் ஒவ்வொரு சுற்றும் ஒரு வேரியேஷன். முதல் வேரியேஷனில் இரண்டாவது வயலினுக்கு மெட்டு, அடுத்ததில் செல்லோவுக்கு, மூன்றாவதில் வியோலாவுக்கு. புதியவர் நன்றாக வாசித்தார். உண்மையைச் சொன்னால் எங்கள் மனிதரை விடச் சுத்தமான சுருதி. ஆனால் முன்வரிசையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழைப்பு எல்லாருக்கும் போனதுபோல அவருக்கும் போயிருந்தது. மூன்றாவது வேரியேஷன் தொடங்கியதும் அவர் குனிந்து கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். அந்த வேரியேஷன் முடியும்வரை தேடிக்கொண்டே இருந்தார். எனக்கு வில் நடுங்கியது. இடைவேளைக்குப் பிறகு அவரைக் காணவில்லை.

'கலைஞனுக்கு நிகழ்ச்சிதான் முக்கியம்' என்று யாராவது எழுத வருவீர்கள். எழுதுங்கள். அந்த மண்டபத்தில் இருந்தது அறுபது பேர், எங்களுக்கு ஊதியம் ஒரு பென்னி இல்லை. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அதன்பின் ஒன்றரை வருடம் இழுத்தோம். புதியவரில் ஒரு பிழையும் இல்லை. எங்கே மூச்சு விடுவது என்று பதினைந்து வருடம் கண்ணால் பேசிப் பழகியதை அவரிடம் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவருக்கும் அலுத்தது, எங்களுக்கும் அலுத்தது. 2016-ல் நிறுத்தினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். எங்கள் பகுதி நூலகத்தில் முன்பு இப்படியான குவார்டெட் இசைத் தாள்கள் அலுமாரி அலுமாரியாக இருந்தன. சின்னக் கட்டணம், நாலு பேருக்கான தாளும் ஒரே உறையில். அதை மூடிவிட்டார்கள். எங்கே போயின என்று கேட்டு மூன்று கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் இல்லை. இப்போது தொடங்கும் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது திரையைப் பார்த்து வாசிக்க வேண்டும். நான் அகதியாக வந்த வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடம் இரவல் தந்த வயலினும் நூலகம் இரவல் தந்த தாளும் இல்லாவிட்டால் இந்த இசைப் பக்கமே வந்திருக்கமாட்டேன். இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

குழு நின்ற பிறகு, ஒரு நாள் துணிந்து அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி தந்தார். அந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது தன் கணவரின் ஹைடன் தாளை எடுத்துத் தந்தார். மூன்றாவது வேரியேஷனுக்கு மேலே பென்சிலால், "இரண்டாவது வயலினைப் பார்" என்று இருந்தது. பதினைந்து வருடமும் அந்த இடத்தில் வியோலாக்காரர் என்னை நிமிர்ந்து பார்ப்பார். நான் பதற்றமாக இருக்கிறேனா என்று பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஆகவே என் பதில்: வாசிப்பது உங்களுக்குத் தொழில் இல்லையென்றால் நிறுத்துங்கள். தொடரத்தான் வேண்டும் என்றால் சில மாதம் போகட்டும். புதியவருக்கு முன் இறந்தவரின் வீட்டாருக்குத் தொலைபேசி எடுங்கள். இறந்தவர் மெட்டு வாசித்த படைப்பை முதல் நிகழ்ச்சியில் வைக்காதீர்கள்.