மொய் வச்ச கை

கேள்வி: பி.காம் முடிச்சு ஏழு வருஷம் ஆச்சு சார். அப்பவே எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு வச்சேன், இதுவரைக்கும் ஒரு கார்டு வரல. நடுவுல துணிக்கடை, கொரியர்னு போனேன், எதுவும் நிலைக்கல, இப்போ வீட்லதான் இருக்கேன். வேலை இல்லாதவங்களுக்கு கவர்மெண்ட் மாசாமாசம் பணம் தருது, எழுதிப் போடுன்னு அக்கா சொல்றா. அரசாங்கத்துக்கிட்ட போய் கை நீட்ட கூச்சமா இருக்கு. வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், அரியலூர்

பதில்: வாங்கலாம். உங்க கேள்விக்குப் பதில் அவ்வளவுதான் தம்பி. ஆனா 'கை நீட்ட'ன்னு எழுதியிருக்கீங்களே, காலைல லெட்டரைப் பிரிச்சதுல இருந்து அந்த வார்த்தையிலயே நிக்கிறேன்.

கை நீட்டாம நம்ம ஊர்ல எது நடக்குது? பஸ் ஸ்டாப்ல கை நீட்டினாத்தான் டவுன் பஸ் நிக்கும். ரேஷன் கடையில மெஷின்ல விரல் வைக்க நீட்டுறோம், ஆதார் எடுக்கறப்போ பத்து விரலையும் நீட்டினோம், ஓட்டுப்போடப் போனா மை வைக்க இடது கையை நீட்டுறோம். பந்தியில சாம்பார் வாளி கிட்ட வந்ததும் இலைக்கு மேல கையை நீட்டி போதும் போதும்ங்கறோம், அவர் அதுக்கப்புறமும் ஒரு கரண்டி ஊத்திட்டுத்தான் போவாரு. சாப்பிட்டு எழுந்து வந்தா வாசல்ல மொய் நோட்டு, அங்கயும் அதே கைதான். 501 எழுதிட்டு வர்றோம், நாளைக்கு நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு அது திரும்பி வரும், வாங்க நாம கை நீட்டுவோம், அதைப் பிச்சைன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல. ஏன்னா நோட்டுல நம்ம பேரு இருக்கு.

உங்க பேரும் இருக்கு தம்பி. போனுக்கு 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்றீங்கன்னு வைங்க, ஜிஎஸ்டி 18 பர்சென்ட், அதுல கிட்டத்தட்ட 45 ரூபா வரி, சரிபாதி டெல்லிக்கு சரிபாதி சென்னைக்கு. வேலை இருந்தாலும் இல்லைன்னாலும் ஒவ்வொரு தடவையும் நீங்க வச்ச மொய் அது. நோட்டுல யாரும் எழுதல, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, திரும்பி வர்றது எவ்வளவுன்னும் தெரிஞ்சுக்கங்க. பத்தாவது ஃபெயிலுக்கு மாசம் 200, பாஸுக்கு 300, ப்ளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600. உங்களுக்கு 600, அதாவது ஒரு நாளைக்கு 20 ரூபா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேங்க் அக்கவுண்ட்ல போடுவாங்க, மூணு வருஷம் வரைக்கும், மொத்தம் கூட்டினா 21,600. பதிஞ்சு அஞ்சு வருஷம் தாண்டியிருக்கணும், ரினியூவல் விட்டுப்போயிருக்கக் கூடாது, வயசு 40க்குள்ள, எஸ்சி எஸ்டின்னா 45. இன்ஜினியரிங், மெடிக்கல் மாதிரி தொழிற்படிப்பு படிச்சவங்களுக்கு கிடையாது, பி.காமுக்கு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை இன்னும் வேலை கிடைக்கலன்னு சுய உறுதிமொழி கொடுக்கணும், கொடுக்கலன்னா பணம் நின்னுடும். இதை வாங்கினா சீனியாரிட்டி போயிடும், பதிவு கேன்சல் ஆயிடும்னு டீக்கடையில சொல்வாங்க, அது பொய், பதிவு அப்படியேதான் இருக்கும்.

உண்மையிலேயே வெட்கப்பட வேண்டிய இடம் வேற ஒண்ணு இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்கு மேல போகக் கூடாதாம். மாசம் 6,000. ஐநூறு ரூபா கூலிக்கு மாசத்துல 13 நாள் போற அப்பா இருந்தாலே வீடு அந்தக் கோட்டைத் தாண்டிடுது, பட்டினி கிடந்தாத்தான் உள்ள விடுவேன்னு சொல்ற கோடு இது, இதை உசத்தச் சொல்லி இந்தப் பக்கத்துல எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வருமானக் கோடு இல்லை, பதிஞ்சு ஒரு வருஷம் போதும், டிகிரிக்கு மாசம் 1,000, பத்து வருஷம் வரைக்கும். அதுவாவது கொஞ்சம் மனுஷத்தனமா இருக்கு.

இதைப் படிச்சதும் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகர் எழுதுவார். சும்மா குடுத்துக் குடுத்து ஜனங்களை சோம்பேறி ஆக்கிட்டாங்கன்னு வருஷக்கணக்கா எழுதுறார், நானும் விடாம பதில் போடுறேன். அவருக்கு இப்பவே சொல்லிடறேன். வருமான வரியில பழைய முறைப்படி வீட்டுக் கடன் வட்டின்னு வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும் வருமானத்துல கழிச்சுக்கலாம், 20 பர்சென்ட் வரி கட்டுறவருக்கு அதுலயே 40,000 மிச்சம். அரியலூர் பையனுக்கு வருஷத்துக்கு 7,200. ஒண்ணு டெல்லி கஜானா, இன்னொண்ணு சென்னை கஜானா, ரெண்டும் ஜனங்க பணம்தான். வீடு கட்டினவர் ஆடிட்டர் ரூம்ல உக்காந்து வாங்குறதுக்குப் பேரு சேமிப்பு, வேலை இல்லாத பையன் வரிசையில நின்னு வாங்கினா சோம்பேறித்தனமா? எனக்கு இது நியாயமாப் படல, என்னிக்கும் படாது.

கூச்சத்தைப் பத்தி எனக்குத் தெரியும் தம்பி. எங்க பெரியப்பா சின்ன வயசுலயே போயிட்டார். அப்போ நான் ஒன்பதாவது, என் கையெழுத்து நல்லா இருக்கும்னு பெரியம்மா பென்ஷனுக்கு மனு எழுதச் சொன்னாங்க. திட்டத்தோட பேரே ஆதரவற்ற விதவை உதவித்தொகை. 'ஆதரவற்ற விதவையாகிய நான், ஐயா அவர்கள் கருணை கூர்ந்து'ன்னு யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரியே எழுதி சத்தமா வாசிச்சுக் காட்டினேன். பெரியம்மா நிறுத்துடான்னாங்க. "ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, நான் எப்படிடா ஆதரவத்தவ?" மனுவை நாலா மடிச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டாங்க, தாலுகா ஆபீஸ் பக்கமே போகல, இட்லி சுட்டே ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணினாங்க. ஊர்ல அதைப் பெருமையாச் சொல்வாங்க. எனக்கு அவங்க முழங்கை வரைக்கும் இருந்த ஆவி பட்ட தழும்புதான் ஞாபகம் வரும், அந்த ரெண்டு வரியை வேற மாதிரி எழுதியிருந்தா போயிருப்பாங்களேன்னு இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது.

துணிக்கடையிலயோ கொரியர்லயோ உங்க சம்பளத்துல ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் இன்ஷூரன்ஸ், பிடிச்சாங்களான்னு பழைய சம்பள சீட்டை எடுத்துப் பாருங்க. ரெண்டு வருஷம் இன்ஷூரன்ஸ்ல இருந்து வேலை போனவங்களுக்கு 90 நாள் வரைக்கும் கால் பங்கு சம்பளம் தர்றதுக்குன்னு 2018ல ஈஎஸ்ஐல ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, 2020ல அதைப் பாதி சம்பளமா உசத்தினாங்க, கடைப் பசங்க முக்கால்வாசிப் பேர் காதுக்கே அது போகல. உங்களுக்குப் பொருந்துமான்னு ஈஎஸ்ஐ ஆபீஸ்ல கேளுங்க.

திங்கக்கிழமை அக்காவையும் கூட்டிட்டு மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ் போங்க. எம்ப்ளாய்மெண்ட் கார்டு, மார்க் ஷீட், டிசி, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஒரிஜினலோட எடுத்துக்கங்க. அங்க கவர் லெட்டர் எழுதச் சொன்னா 'கருணை கூர்ந்து' வேணாம் தம்பி, 'விண்ணப்பிக்கிறேன்'னு எழுதி கையெழுத்துப் போடுங்க.